தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை எது? அவில், செட்ரிசின், அலெக்ரா: பக்க விளைவுகளை வைத்து ஓர் ஒப்பீடு

மருந்துக்கடைக் கவுண்டரில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது: "தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையா குடுங்க." அடுக்குத் தும்மலோ, மூக்கில் தண்ணீரோ, தோலில் தடிப்போ, எதுவாக இருந்தாலும் வாங்குபவரின் முதல் கவலை தூக்கம்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கவுண்டருக்கு உள்ளே நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பாதிக் கேள்வி. மாத்திரை யாருக்கு, அவருக்குப் பகலில் என்ன வேலை, ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை நாளைக்குப் போடப்போகிறார் என்பது தெரிந்தால்தான் மீதிப் பதில் கிடைக்கும்.

சாதாரணத் தும்மலையும் அரிப்பையும் அடக்குவதில் இந்த மாத்திரைகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதுவும் கிடையாது. செட்ரிசின் கொஞ்சம் சீக்கிரம் கேட்கும், சிலருக்கு லோராட்டடின் போதாது, அவ்வளவுதான். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது பக்க விளைவில். அதனால் 'எது பவர் அதிகம்' என்ற கணக்கை விட்டுவிட்டு, எது யாரை எந்த இடத்தில் படுத்தும் என்று பார்ப்போம்.

கடையில் இருப்பவற்றை மூன்று வரிசையாக வைக்கலாம். முதல் வரிசையில் பழைய ஆட்கள்: அவில் என்று எல்லோருக்கும் தெரிந்த ஃபெனிரமின், சீட்டில் சிபிஎம் என்று எழுதப்படும் குளோர்பெனிரமின், பெனட்ரில் இருமல் சிரப்பில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின், ஃபெனர்கன் என்ற பெயரில் வரும் புரோமெதசின், அட்டராக்ஸ் என்ற பெயரில் வரும் ஹைட்ராக்சிசின். இரண்டாவதில் செட்ரிசினும் லீவோசெட்ரிசினும். மூன்றாவதில் அலெக்ரா என்று பிரபலமான ஃபெக்ஸோஃபெனாடின், லோராட்டடின், பிலாஸ்டின். புத்தகத்தில் கடைசி இரண்டு வரிசையையும் சேர்த்து 'இரண்டாம் தலைமுறை' என்றுதான் போட்டிருக்கும். தூக்க விஷயத்தில் செட்ரிசினைத் தனியாகப் பிரித்து நடுவில் வைப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. காரணம் கீழே வருகிறது.

தும்மலையும் அரிப்பையும் கிளப்புவது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள். அதைத் தடுப்பவைதான் மேலே சொன்ன மூன்று வரிசை மாத்திரைகளும்; ஆன்டிஹிஸ்டமின் என்ற பெயர் அதனால்தான். ஆகவே ஹிஸ்டமின் என்றாலே அலர்ஜி என்று நினைக்கிறோம். மூளைக்குள் அதற்கு வேறு உத்தியோகம் உண்டு: நம்மை விழிப்பாக வைத்திருப்பது. பழைய மாத்திரைகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் தாராளமாக நுழைந்து அந்த வேலையையும் நிறுத்திவிடுகின்றன. மாத்திரை போட்டதும் சொக்குவது அதனால்தான். போதாததற்கு, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளையும் அவை தடுக்கின்றன. வாய் வறண்டுபோவது, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்வது எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. மூன்றாவது வரிசை மாத்திரைகள் மூளையின் வாசலிலேயே பெரும்பாலும் திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.

தூக்கக் கணக்கு

அமெரிக்காவில் மருந்துடன் தர வேண்டிய அதிகாரப்பூர்வக் குறிப்பில், சோதனையின்போது எத்தனை பேருக்கு என்ன தொந்தரவு வந்தது என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் கணக்கும் இருக்கும். செட்ரிசின் 10 மி.கி. சாப்பிட்டவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் தூக்கக் கலக்கம் என்றார்கள். வெறும் மாத்திரையில் 6 சதவீதம். லீவோசெட்ரிசின் 5 மி.கி.யில் 6 சதவீதம், வெறும் மாத்திரையில் 2. லோராட்டடினில் 8, வெறும் மாத்திரையில் 6. ஃபெக்ஸோஃபெனாடின் 60 மி.கி. இரண்டு வேளையில் 1.3 சதவீதம், வெறும் மாத்திரையில் 0.9.

ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை. அதனால் 14க்குப் பக்கத்தில் 6ஐ வைத்து, லீவோசெட்ரிசின் பாதிதான் தூங்க வைக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. வெறும் மாத்திரைக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃபெக்ஸோஃபெனாடினில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். செட்ரிசினில் நிச்சயம் இருக்கிறது.

இந்த எண்களுக்குள் அகப்படாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இந்த ஒப்பீட்டிலேயே முக்கியமானதாகப் படுகிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், அலர்ஜி உள்ள 40 பேரைக் கார் ஓட்டுவது போன்ற கருவியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒருமுறை டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி., ஒருமுறை ஃபெக்ஸோஃபெனாடின் 60 மி.கி., ஒருமுறை ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும் அளவுக்கு மது, ஒருமுறை வெறும் மாத்திரை. ஃபெக்ஸோஃபெனாடின் போட்டவர்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டபோது எப்படி ஓட்டினார்களோ அப்படியே ஓட்டினார்கள். டைஃபென்ஹைட்ரமின் போட்டபோது வண்டி ஓட்டம் மதுவைவிட மோசமாக இருந்தது. அதோடு, 'எனக்குத் தூக்கம் வருகிறது', 'வரவில்லை' என்று அவர்களே சொன்னதற்கும், உண்மையில் எப்படி ஓட்டினார்கள் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

"அவில் எனக்குப் பழகிடுச்சு சார், தூக்கமே வராது" என்று சொல்லும் டிரைவர்கள் ஏராளம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தூக்கம் வராமலே இருக்கலாம். பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் நேரம் கூடியிருப்பதை அவரால் உணர முடியாது என்பதுதான் சிக்கல்.

இன்னொரு சமாதானம்: "ராத்திரி போட்டுக்கிட்டா காலைல தெளிஞ்சிடும்." சிபிஎம் விஷயத்தில் இது எடுபடாது. பெரியவர்களின் உடம்பில் அது பாதியாகக் குறையவே சராசரியாக 20 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் போட்ட மாத்திரை மறுநாள் சாயங்காலம் வரை உள்ளே இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை தன் விமானிகளுக்கு வைத்திருக்கும் விதி இதைப் பட்டென்று சொல்லிவிடும். குளோர்பெனிரமின் போட்டால் 5 நாள் விமானம் ஓட்டக் கூடாது. டைஃபென்ஹைட்ரமின் என்றால் 60 மணி நேரம். செட்ரிசின் என்றால் 48 மணி நேரம். ஃபெக்ஸோஃபெனாடினும் லோராட்டடினும் போட்டு, தொந்தரவு எதுவும் இல்லையென்றால் ஓட்டலாம். செட்ரிசினைத் தனி வரிசையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பஸ், லாரி, ஆட்டோ ஓட்டுபவர், தறி, லேத், பிரஸ் மிஷினில் நிற்பவர், உயரத்தில் ஏறி வேலை செய்பவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் முதல் வரிசை வேண்டவே வேண்டாம். செட்ரிசினும் விடுமுறை நாளில் ஒருமுறை போட்டு உடம்பு எப்படி எடுக்கிறது என்று பார்த்த பிறகுதான். எந்த வரிசையானாலும் அன்றைக்கு மது கூடாது. பழைய மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் கூட்டல் கணக்கில் நிற்காது, பெருக்கலுக்குப் போய்விடும்.

செட்ரிசின்: நல்லதும் மற்றதும்

மலிவு, எங்கும் கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்குள் அரிப்பு அடங்க ஆரம்பிக்கும். திடீரென்று உடம்பெல்லாம் தடிப்பு கிளம்புகிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும். வீட்டில் இருப்பவர், ராத்திரியில்தான் அரிப்பு அதிகம் என்பவர், எப்போதாவது ஒருநாள் தேவைப்படுபவர் என்றால் நான் செட்ரிசினுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். செட்ரிசின் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களின் கலவை. அதில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததே லீவோசெட்ரிசின். 10 மி.கி.க்குப் பதில் 5 மி.கி. என்று அளவு பாதியாக இருப்பது அதனால்தான். 'அது ஸ்ட்ராங், இது மைல்டு' என்ற பேச்சுக்கு இடமில்லை. இரண்டையும் சேர்த்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, சிறுநீரகம். செட்ரிசினில் பெரும்பகுதி மாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. லீவோசெட்ரிசினும் அப்படித்தான். சிறுநீரகம் தளர்ந்து ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருப்பவருக்கு வழக்கமான அளவு கொடுத்தால் மருந்து உள்ளேயே தேங்கி, பகலெல்லாம் அசத்தும். அளவைக் குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் கணக்குப் போட வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதான நிலையில் லீவோசெட்ரிசின் தரவே கூடாது.

இன்னொன்று, பலருக்குப் புதுச் செய்தி. 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. செட்ரிசினையோ லீவோசெட்ரிசினையோ தினமும் பல மாதம், பல வருடம் போட்டுவிட்டு நிறுத்தினால், சில நாட்களுக்குள் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு வரலாம் என்பது அது. 2017 முதல் 2023 வரை உலகம் முழுவதிலும் இருந்து அவர்களுக்கு வந்த புகார்கள் 209. கோடிக்கணக்கானவர்கள் போடும் மாத்திரைக்கு இது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த அரிப்பு இருக்கிறதே, அது ஆளை ஏமாற்றும். முன்பு அரிப்பே இல்லாமல் வெறும் தும்மலுக்கு மாத்திரை போட்டவருக்கும் வருகிறது. நிறுத்தியதும் அரிக்கிறது, போட்டதும் அடங்குகிறது என்றால் யாராக இருந்தாலும் 'அலர்ஜி இன்னும் போகல' என்றுதான் நினைப்பார்கள். அட்டை மேல் அட்டையாக ஆயுளுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்காகப் பயந்து நாளைக்கே நிறுத்த வேண்டாம். வருடக்கணக்கில் போடுபவர் நிறுத்த நினைத்தால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. அப்படிக் குறைத்ததில் சிலருக்குத் தொந்தரவு தீர்ந்திருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர், மார்கழி தை மாதம் மட்டும் தும்முகிறவர் என்றால் அந்த இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

அலெக்ராவைத் தண்ணீரோடு மட்டும்

ஃபெக்ஸோஃபெனாடினுக்கு ஒரு முன்கதை உண்டு. 1985இல் அமெரிக்காவில் டெர்ஃபெனாடின் என்ற மாத்திரை 'தூக்கம் வராத முதல் அலர்ஜி மருந்து' என்று கொண்டாட்டமாக வந்தது. கல்லீரல் அதை மாற்றித்தான் உடம்புக்குப் பயன்படும் வடிவம் ஆக்கும். எரித்ரோமைசின், கீட்டோகொனசோல் மாதிரி மருந்துகளைக் கூடவே சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைப்பட்டு, டெர்ஃபெனாடின் ரத்தத்தில் ஏறி, இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கியது. உயிர்கள் போயின. கல்லீரல் மாற்றித் தரும் அந்த வடிவத்துக்கு இந்தக் குணம் இல்லை என்று தெரிந்ததும் அதையே தனி மாத்திரையாக்கினார்கள். அதுதான் ஃபெக்ஸோஃபெனாடின். 1996இல் அனுமதி கிடைத்தது. 1998இல் டெர்ஃபெனாடின் கடையை விட்டே போனது. அலர்ஜி மாத்திரையை 'சும்மா ஒரு மாத்திரை' என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

இதன் பக்க விளைவாக அதிகம் சொல்லப்படுவது தலைவலி. எப்போதாவது வயிற்றுப் புரட்டல். மற்றபடி சாது. ஆனால் "அலெக்ரா எனக்குக் கேட்கவே இல்ல" என்று வருபவர்களிடம் எதோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஆரஞ்சு, ஆப்பிள், பம்ப்ளிமாஸ் வகைப் பழச்சாறுகள் இந்த மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகப் போய்விடும். ஜெலுசில், டைஜீன் மாதிரி அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைக் கூடவே குடித்தாலும் அதே கதை. அதில் சுமார் 40 சதவீதம் குறையும். வெறும் தண்ணீரோடு போட வேண்டும், ஜெலுசிலுக்கும் இதற்கும் நடுவில் நல்ல இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதற்கும் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பிலாஸ்டினுக்கு விதி இன்னும் கறார்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். வேளா வேளைக்குச் சாப்பிடாத ஆட்களுக்கு இது தலைவேதனை. முறையாகப் போட்டால் தூக்கம் இல்லை, சிறுநீரகக் கோளாறுக்காக அளவை மாற்றவும் வேண்டியதில்லை. லோராட்டடின் மெதுவாகக் கேட்கும், தூக்கம் குறைவு. கல்லீரல் கோளாறு இருப்பவருக்கு அளவில் கவனம் வேண்டும்.

இனி விலை. பெரிய கம்பெனி அலெக்ரா ஒரு மாத்திரை வாங்கும் காசில் செட்ரிசின் கிட்டத்தட்ட ஓர் அட்டையே வந்துவிடும். தினக்கூலிக்காரரிடம் போய் ஃபெக்ஸோஃபெனாடின்தான் சிறந்தது என்று உபதேசம் பண்ணிப் பயனில்லை. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மாதிரி ஜெனரிக் கடைகளில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிராண்ட் பெயரைச் சொன்னால் கிடைக்காது.

'எல்.சி.' என்ற இரண்டெழுத்து

உங்கள் வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அட்டையை இப்போதே திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று பிராண்ட் பெயர், அதன் வாலில் 'எல்.சி.' அல்லது 'எம்'. பின்பக்க அலுமினியத் தாளில் எறும்பு சைஸ் எழுத்தில் இரண்டு வரி இருக்கும்: லீவோசெட்ரிசின் 5 மி.கி., மான்டெலுகாஸ்ட் 10 மி.கி. நம் ஊரில் மூக்கு அலர்ஜிக்கு எழுதப்படுவதில் இந்த ஜோடிக்குத் தனி மவுசு. வாங்குபவர் பலரும் இதை ஒரே மருந்து என்றே நினைக்கிறார்கள்.

மான்டெலுகாஸ்ட் ஆன்டிஹிஸ்டமினே கிடையாது. அது வேறு வழியில் வேலை செய்யும் ஆஸ்துமா மருந்து. அதன் பக்க விளைவும் வேறு. கெட்ட கனவு, தூக்கம் கெடுவது, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போயிருக்கிறது. 2020 மார்ச்சில் எஃப்டிஏ இதற்குத் தன் உச்சகட்ட எச்சரிக்கையான கறுப்புக் கட்டத்தைப் போட்டது. வெறும் மூக்கு அலர்ஜி என்றால் வேறு மருந்துகள் கேட்காதபோது, அல்லது ஒத்துக்கொள்ளாதபோது மட்டும் இதற்கு வாருங்கள் என்றும் சொன்னது.

ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவருக்கு டாக்டர் எழுதினால் அதில் அர்த்தம் இருக்கிறது, நீங்களாக நிறுத்த வேண்டாம். தும்மலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இதை வாங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ராத்திரியில் அலறி எழுகிறான், காரணமில்லாமல் கோபப்படுகிறான் என்றால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் மாத்திரைப் பெயரோடு போய்ச் சொல்லுங்கள்.

இதே மாதிரி ஒளிந்திருக்கும் இன்னொரு கூட்டம், சளிக்காய்ச்சல் மாத்திரைகள். சினரெஸ்ட் வகை மாத்திரையில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் இருக்கும். ஒருமுறை ஸ்கூல் வேன் டிரைவர் ஒருவர் வந்தார். காலையும் மாலையும் சளி மாத்திரை, ராத்திரி செட்ரிசின், இருமலுக்கு நடுநடுவே சிரப். மூன்றிலும் ஆன்டிஹிஸ்டமின் இருந்தது. "ரெண்டு நாளா மந்தமா இருக்கு, சத்து மாத்திரை ஏதாவது குடுங்க" என்று கேட்கத்தான் வந்திருந்தார். சளி மாத்திரையையும் சிரப்பையும் எடுத்து வைக்கச் சொன்னேன். சத்து மாத்திரை விற்கவில்லை.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும்

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு முதல் வரிசை கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று உண்டு, வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் அதில் இருக்கின்றன. புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு இரண்டு நாள் சளி மாத்திரை கொடுத்து, சிறுநீர் அடைத்து, டியூப் போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது அரிதான சம்பவம் இல்லை. ஃபினைலெஃப்ரினும் கூட இருந்தால் அடைப்பு இன்னும் சுலபம், ரத்தக் கொதிப்பும் ஏறும். கண்ணில் குறுகிய கோணக் கிளாக்கோமா இருந்தால் கண் அழுத்தம் எகிறலாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு உடைவது தனி. 'பாட்டி நேத்துலேருந்து சம்பந்தமில்லாம பேசறாங்க' என்றால் புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தோம் என்று முதலில் பாருங்கள்.

நீண்ட காலப் பயம் ஒன்றும் இருக்கிறது. 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 65 வயது கடந்த 3,434 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை வருடக்கணக்கில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது. குளோர்பெனிரமினும் அந்த மருந்துக் கணக்கில் உண்டு. மருந்துதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அதே வேலைக்குப் பாதுகாப்பான மாத்திரை இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை எதற்குச் சுமக்க வேண்டும்? பெரியவர்களுக்கு ஃபெக்ஸோஃபெனாடின், லோராட்டடின், பிலாஸ்டின். சிறுநீரகம் நன்றாக இருந்தால் செட்ரிசின் குறைந்த அளவில்.

குழந்தைகளுக்கு வந்தால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. புரோமெதசின் 2 வயதுக்குக் கீழே கூடவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் தூங்கட்டும் என்று இதையெல்லாம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து ராத்திரி முழுக்க ஆட்டம் போடும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்திலும் குளோர்பெனிரமின் இருந்தது. ஆனால் உயிரைக் குடித்தது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பசி எடுக்க என்று வாங்கும் சிரப்புகளில் இருக்கும் சைப்ரோஹெப்டடினும் பழைய வரிசை ஆன்டிஹிஸ்டமின்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால் அந்தப் பாட்டிலையும் சந்தேகப்படுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் லோராட்டடின் அல்லது செட்ரிசினைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். பழைய வகை பாலில் கலந்து பச்சைக் குழந்தையையும் சொக்க வைக்கும்.

மாத்திரையா, ஸ்ப்ரேயா?

தினமும் தும்முகிறவர், அதைவிட முக்கியமாக மூக்கு அடைத்துக்கொண்டே இருப்பவர், மேலே சொன்ன எந்த மாத்திரையைப் போட்டாலும் முழுத் திருப்தி அடைய மாட்டார். மூக்கடைப்பில் ஆன்டிஹிஸ்டமின் பலவீனம். அங்கே ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டு என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மூக்குக்குள் அடிக்கும் அளவு சிறியது, ரத்தத்தில் கலப்பது அதைவிடச் சிறியது. பகலில் தூக்கம் கிடையாது, புராஸ்டேட்டைத் தொடாது. இதன் தொந்தரவு, மூக்கு வறண்டு ரத்தம் கசிவது. முனையை நடுத்தண்டை நோக்கிப் பிடிக்காமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடித்தால் அது வெகுவாகக் குறையும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை என்று மாற்றிப் பிடித்தால் கோணம் தானாகவே சரியாக அமையும். குழந்தைக்கு மாதக்கணக்கில் அடிக்க வேண்டியிருந்தால் டாக்டர் பார்வையில் இருப்பது நல்லது.

குறை, பொறுமை வேண்டும். அடித்த அரை மணியில் தெரியாது. சில நாள் தொடர்ந்து அடித்தால்தான் முழுப் பலன். இதையும் அடித்த நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் நீட்டினால் விட்டதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அந்தக் குப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிபவர்களை எனக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், தினசரித் தும்மலும் அடைப்பும் உள்ளவருக்கு ஸ்ப்ரே முதலில், தேவைப்படும் நாளில் மட்டும் ஃபெக்ஸோஃபெனாடின் அல்லது செட்ரிசின். தோலில் தடிப்புதான் பிரச்சினை என்றால் ஸ்ப்ரே உதவாது, மாத்திரைதான். அப்போதும் இரண்டாவது, மூன்றாவது வரிசையோடு நின்றுகொள்ள வேண்டும். நாள்பட்ட தடிப்புக்கு அந்த வரிசை மாத்திரைகளை வழக்கமான அளவைவிடக் கூட்டி, நான்கு மடங்கு வரைகூட டாக்டர்கள் தருவதுண்டு. அது அவர்கள் பார்வையில் நடக்க வேண்டியது, நாமாகச் செய்ய வேண்டியதில்லை. எதற்கு அலர்ஜி என்று தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள், சில நாள் முன்பே இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று டெஸ்ட் எடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டெஸ்ட்டில் ஒன்றுமே காட்டாது, காசு போனதுதான் மிச்சம்.

இத்தனை ஒப்பீடும் தும்மலுக்கும் அரிப்புக்கும்தான். குளவி கொட்டியோ, இறால் சாப்பிட்டோ, ஊசி போட்டோ சில நிமிடத்தில் உதடும் நாக்கும் வீங்கி, குரல் மாறி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் எந்த வரிசை மாத்திரையும் உதவாது. அவில் ஊசியும் போதாது. அப்போது தொடையில் போட வேண்டியது அட்ரினலின். மாத்திரை போட்டுவிட்டுக் கேட்கிறதா என்று உட்கார்ந்து பார்க்காமல், 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தலை சுற்றுபவரை எழுந்து நடக்கவிடாமல் படுக்க வைத்தே கொண்டுபோங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் உட்கார வைக்கலாம்.